அளக்கத் தெரியாது, நகலெடுக்கத் தெரியும்

வீட்டில் கட்டிய சிஎன்சியில் (கணினி சொல்படி மூன்று திசையில் நகர்ந்து வெட்டும் இயந்திரத்தில்) கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு, தொட்டால் சைகை தரும் ப்ரோபை மாட்டி, ஒரு பொருளைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் கணினிக்குள் ஏற்றலாம் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். கைபேசியில் சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது படம் எடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் செய்யும் மெஷ்ரூம் மென்பொருளில் போட்டால் முடிகிற வேலைக்கு ராத்திரி முழுக்க மோட்டாரை ஓடவிட வேண்டுமா? கேள்வி நியாயமானது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்தான் எனக்கு உறுத்துகிறது. “ப்ரோப்தான் துல்லியம்” என்கிறார்கள். எதை நம்பித் துல்லியம்? அச்சை நகர்த்தும் எட்டு மி.மீ. தடியுள்ள டி8 லீட் ஸ்க்ரூ, பித்தளை நட்டு, படிப்படியாகச் சுழலும் நீமா 17 மோட்டார், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலோ அலுமினியச் சட்டத்திலோ நிற்கும் உடம்பு. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் ஸ்க்ரூவை, மோட்டாரின் ஒவ்வொரு படியையும் பதினாறாகப் பிரிக்கும் 16 மைக்ரோஸ்டெப்பில் ஓட்டினால் மி.மீட்டருக்கு 400 படி, அதாவது ஒரு படி 0.0025 மி.மீ. காகிதத்தில் இந்த எண் அழகாகத்தான் இருக்கிறது. அதே நட்டில் முன்னும் பின்னும் 0.1 மி.மீ. ஆட்டம் இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே துல்லியம் என்ற வாதம் பாதிக்கு மேல் பொய். ஆனாலும் ப்ரோபை மூட்டைகட்டி வைக்கவும் மனம் வருவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன் இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பொருள் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். பழைய கதவு ஒன்றிலிருந்து கழன்ற, அன்னம் செதுக்கிய தேக்குப் பட்டிகை. அகலம் 60 மி.மீ., நீளம் 80, ஆழம் 8. மேலிருந்து பார்த்தால் எல்லா இடமும் தெரிகிறது. கழுத்தின் அடியில் உள்வாங்கிய குடைவு எதுவும் இல்லை. மூன்றச்சு இயந்திரத்துக்கு இப்படிப்பட்ட பொருள்தான் தோது. முழு உருவச் சிலையைச் சுற்றிலும் எடுக்க வேண்டுமென்றால் கைபேசியே மேல், அதில் எனக்குச் சண்டை இல்லை.

தொடுமுனை

ப்ரோபின் உள்ளமைப்பு எளிது. நடுவில் தண்டு, அதிலிருந்து 120 பாகை இடைவெளியில் மூன்று கைகள். ஒவ்வொரு கையும் இரண்டு எஃகுக் குண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்தும். ஆறு தொடுப்புகளும் வரிசையாக ஒரே மின்சுற்று. நுனி எதையாவது முட்டினால் ஒரு கையாவது தூக்கிக்கொள்ளும், சுற்று அறுபடும். தண்டின் கீழ்முனையில் 2 மி.மீ. விட்டத்தில் மாணிக்கக் (ரூபி) குண்டு.

இயந்திரத்தை நடத்தும் ஆர்டுயினோ யூனோ பலகையில் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடுகிறது என்றால் ப்ரோபின் ஒரு கம்பி ஏ5 முள்ளுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. ஜிஆர்பிஎல் இயல்பாக எதிர்பார்ப்பது தொட்டால் மூடும் சுற்றை. நம்முடையது தொட்டால் திறப்பது. அதனால் ஜிஆர்பிஎல்லின் அமைப்புகளில் $6=1 என்று மாற்ற வேண்டும். இதில் ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு. கம்பி எங்காவது அறுந்தால் அது “தொட்டாயிற்று” என்றே தெரியும், இயந்திரம் அலாரம் 4 காட்டி நின்றுவிடும். தொட்டால் மூடும் சுற்றில் கம்பி அறுந்தால் இயந்திரத்துக்கு எதுவுமே தெரியாது. குண்டைப் பொருளுக்குள் அழுத்திக்கொண்டே போய்த் தண்டை ஒடித்துவிட்டுத்தான் நிற்கும்.

பொருள் உலோகமாக இருந்தால் இவ்வளவு ஜோடனை வேண்டாம். பொருளில் ஒரு கிளிப், ஸ்பிண்டிலின் கவ்வியில் மின்சாரம் கடத்தாத உறை போட்டு ஒரு தையல் ஊசி, அவ்வளவுதான். ஊசியின் நுனி பொருளைத் தொட்ட கணமே சுற்று மூடும். நாணயம், பித்தளை முத்திரை போன்றவற்றுக்கு இதைவிடக் கூர்மையாகப் பார்க்கும் வழி வீட்டுப் பட்டறையில் இல்லை. ஆனால் ஊசி வளையும், பளபளப்பில் கீறல் விடும், பச்சை பிடித்த இடத்தில் மின்சாரம் போகாமல் உள்ளே குத்தும். போதாததற்கு கம்பியை 5 வோல்ட் பக்கம் இழுத்து நிறுத்த யூனோவின் உள்ளிருக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோஓம். அந்த அளவு பலவீனமான இழுப்பில் நிற்கும் கம்பி மோட்டார் கம்பிகளோடு கட்டி ஓடினால், தொடாமலே தொட்டதாக எண்கள் வரும். வெளியே 1 கிலோஓம் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டுக்கும் ஏ5க்கும் இடையே போட்டு, ஏ5க்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தொடச் சொல்லும் கட்டளை ஜி38.2. கீழே வா, தொட்டதும் நில், எங்கே தொட்டாய் என்று சொல். தொடாமலே சொன்ன ஆழம் வந்துவிட்டால் ஜி38.2 அலாரம் 5 அடித்து வேலையையே நிறுத்திவிடும். ஜி38.3 பேசாமல் அடுத்த வேலைக்குப் போகும். பலகையைத் தாண்டி வெற்றிடத்தில் இறங்கும் புள்ளிகள் எப்படியும் வரும் என்பதால் பொருள் முழுக்கச் சம இடைவெளியில் தொட்டுக்கொண்டு போகும் வலை ஓட்டத்துக்கு ஜி38.3 தான் சரி. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஜிஆர்பிஎல் ஒரு வரி திருப்பி அனுப்பும். மூன்று அச்சு எண்கள், கடைசியில் தொட்டதா இல்லையா என்று 1 அல்லது 0. அந்த மூன்று எண்களும் இயந்திர ஆயத்தொலைவுகள். பொருளின் மூலையில் நாம் வைத்த பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டவை அல்ல. இதைக் கவனிக்காமல் வேலையை முடித்துவிட்டு, “மாடல் ஏன் மேசைக்கு வெளியே கிடக்கிறது” என்று தலையைச் சொறிவது இந்தத் துறையின் பாலபாடம். ஜிஆர்பிஎல்லுக்குப் பதில் கணினியிலேயே ஓடும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் இந்தத் தலைவலி குறைவு. நிரலுக்குள்ளேயே ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டால் தொட்ட புள்ளியெல்லாம் அதில் தானே விழும்.

ஜிஆர்பிஎல்லில் சிக்கவைக்கும் இன்னொரு சின்ன அமைப்பு $1. ஓய்வில் மோட்டாருக்கு மின்சாரம் எப்போது நிறுத்துவது என்ற எண் அது, இயல்பு மதிப்பு 25 மில்லிவினாடி. தொட்டு, கணினிக்குச் சொல்லி, அடுத்த கட்டளை வருவதற்குள் மோட்டார் தளர்ந்துவிடும். மேலும் கீழும் நகரும் இசட் அச்சு கனமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மயிரிழை கீழே சரியும். $1=255 என்றால் மோட்டார் பிடியை விடாது. சூடாகும், ஆகட்டும்.

நேரம் எங்கே போகிறது

அரை மி.மீ. இடைவெளியில் நம் பட்டிகையை எடுத்தால் 121க்கு 161, மொத்தம் 19,481 புள்ளி. புள்ளிக்கு இரண்டு வினாடி என்று வைத்தால் பதினோரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ஒரு மி.மீ. இடைவெளி என்றால் 4,941 புள்ளி, இரண்டே முக்கால் மணி. கால் மி.மீ. என்றால் 77,361 புள்ளி, 43 மணி நேரம். இடைவெளியைப் பாதியாக்கினால் நேரம் நான்கு மடங்காகிறது. 2 மி.மீ. குண்டை வைத்துக்கொண்டு கால் மி.மீ. வலை போடுவது, பெரிய கரண்டியால் உப்பு அளப்பது போல.

புள்ளிக்கு இரண்டு வினாடி என்பதும் தானாக வராது. ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி இறங்கினால் நாலைந்து வினாடி ஓடிவிடும். தொட்ட இடத்திலிருந்து 1 மி.மீ. மட்டும் மேலே எழும்பி, 0.5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி இறங்கினால் போதும். அப்படிச் செய்தால் 63 பாகைச் சரிவு வரை இடிக்காது. அதைவிடச் செங்குத்தான இடம் வந்தால்? பக்கவாட்டு நகர்வையும் சாதாரண நகர்வுக் கட்டளையான ஜி1க்குப் பதிலாக ஜி38.3 ஆல் கொடுக்க வேண்டும். வழியில் முட்டினால் இயந்திரம் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து இன்னொரு மி.மீ. ஏறி மறுபடி நகரச் சொல்ல வேண்டும், முட்டாத வரை இதே கதை. பைத்தானில் நாலு வரி கூடுதல். அந்த நாலு வரி இல்லாத நிரலை ராத்திரியில் ஓடவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

வரிசை முடிந்ததும் அப்படியே திரும்பி எதிர்த்திசையில் வருவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எக்ஸ் அச்சின் நட்டு ஆட்டம் 0.15 மி.மீ. என்றால் ஒற்றைப்படை வரிசைகளும் இரட்டைப்படை வரிசைகளும் அந்த அளவுக்கு விலகி நிற்கும். சரிவுகள் எல்லாம் சீப்புப் பல் போல வரிவரியாகத் தெரியும். ஜிஆர்பிஎல் 1.1இல் ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் வழி. இசட் அச்சுக்கு இந்தக் கவலை இல்லை, அது எப்போதும் இறங்கும்போதுதான் தொடுகிறது.

பதினோரு மணி நேரத்தில் மோட்டார் சூடேறும், சட்டம் விரியும். எம்டிஎஃப் உடம்பு மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும். மேசையில் ஓரமாக ஒரு சின்ன எஃகுத் துண்டை ஒட்டிவைத்து, பத்து வரிசைக்கு ஒருமுறை போய் அதைத் தொட்டு வர வேண்டும். அந்த எண் நகர்ந்த அளவை அந்தப் பத்து வரிசையிலிருந்து கழிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதல் புள்ளியை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். அது மாறியிருந்தால் பொருள் நகர்ந்திருக்கிறது, பதினோரு மணி நேரமும் போச்சு. களிமண், மெழுகு, தெர்மக்கோல் போன்றவை ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்கே குழிந்துவிடும். அவற்றைப் பிளாஸ்டரில் வார்த்துத்தான் தொட வேண்டும்.

எண் எதைச் சொல்கிறது

கோப்பு நிறைய எண்கள் வந்துவிட்டன. அவற்றை அப்படியே ஒரு பரப்பாக்கித் திரையில் பார்த்தால் அன்னம் தெரியும், கொஞ்சம் ஊதிப்போன அன்னம். மூக்கு மழுங்கியிருக்கும், இறகு வரிகள் நிரம்பியிருக்கும். பலர் இதைப் பார்த்து வலையை இன்னும் நெருக்கமாக்குகிறார்கள். பயனில்லை. இயந்திரம் சொன்னது பொருள் இருக்கும் இடத்தை அல்ல. குண்டின் நடுப்புள்ளி நின்ற இடத்தைச் சொல்லியிருக்கிறது.

சமதளத்தில் நடுப்புள்ளியிலிருந்து ஆரத்தைக் கழித்தால் பொருள் கிடைத்துவிடும். சரிவில் குண்டு தன் அடிப்பக்கத்தால் தொடுவதில்லை, விலாவால் தொடுகிறது. 2 மி.மீ. குண்டில் 30 பாகைச் சரிவில் பிழை 0.15 மி.மீ., 45 பாகையில் 0.41, 60 பாகையில் முழுதாக 1 மி.மீ. இத்தனையும் உயரம் கூடுதலாகத் தெரிகிற பிழை. பள்ளத்தில் இன்னொரு கூத்து. ஒரு மி.மீ. அகலமுள்ள வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், 2 மி.மீ. குண்டு இரு விளிம்பிலும் உட்கார்ந்துகொண்டு 0.13 மி.மீ. ஆழம் என்றுதான் சொல்லும். அன்னத்தின் இறகுகள் காணாமல் போனது அங்கேதான்.

சரிவுப் பிழையைத் திருத்தலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றி ஆரத்துக்குள் இருக்கும் அண்டைப் புள்ளிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அரை மி.மீ. வலையில் 1 மி.மீ. ஆரத்துக்குள் அந்தப் புள்ளியோடு சேர்த்து 13 வரும். ஒவ்வோர் அண்டையின் உயரத்திலிருந்தும், அந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு கீழே தொங்கும் என்பதைக் கழிக்க வேண்டும். அதாவது ஆரத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம். கிடைத்த 13 எண்ணில் மிகச் சிறியதுதான் அங்கே பொருளின் உயரம். வலை அரை மி.மீ. இருக்கும்போது 45 பாகைச் சரிவில் 0.41 ஆக இருந்த பிழை 0.05க்கு இறங்குகிறது. முதலில் புள்ளிகளுக்கு நடுவே கணக்கால் புள்ளிகளைச் சேர்த்து வலையை 0.1 மி.மீட்டருக்கு நெருக்கிவிட்டு இதே கணக்கைச் செய்தால் அந்த 0.05உம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். குண்டு போக முடியாத பள்ளம் மட்டும் எந்தக் கணக்காலும் திரும்பாது.

குண்டின் ஆரம் என்று போடும் எண்ணும் பொட்டலத்தில் அச்சடித்தது அல்ல. சுற்று அறுபடுவதற்கு முன் தண்டு சற்று வளைகிறது, அதனால் குண்டு தன் உண்மை அளவைவிடச் சற்றுச் சிறியதாக நடந்துகொள்ளும். கண்டுபிடிக்க ஒரு 608 பேரிங் போதும். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ., சில மைக்ரான் பிசகு மட்டுமே இருக்கும். அதைக் கிடத்தி, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தொட்டு, கிடைத்த தூரத்திலிருந்து 22ஐக் கழித்தால் குண்டின் நடைமுறை விட்டம். பன்னிரண்டு திசையிலிருந்து தொட்டுப் பார்த்தால் மூன்று கைகள் காரணமாக மூன்று இடத்தில் கூடியும் மூன்று இடத்தில் குறைந்தும் வரும். சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கே வேண்டாம் என்றால்

இவ்வளவு திருத்தமும் செய்து ஒரு எஸ்டிஎல் (முப்பரிமாண மாடல்) கோப்பாக்கி, அதை வெட்டுப்பாதை கணக்கிடும் கேம் (CAM) மென்பொருளில் போட்டு, நுனி உருண்டையான 2 மி.மீ. பால்-நோஸ் எண்ட்மில் கத்திக்கு வெட்டுப்பாதை கேட்கிறோம் என்று வையுங்கள். அந்த மென்பொருள் என்ன செய்கிறது? பொருளின் பரப்பின் மேல் 2 மி.மீ. குண்டு ஒன்றை உருட்டி, அதன் நடுப்புள்ளி எங்கெங்கே போகிறது என்று கணக்கிடுகிறது. அதாவது நாம் மெனக்கெட்டுக் கழித்ததைத் திரும்பக் கூட்டுகிறது. தொட்ட குண்டும் வெட்டும் குண்டும் ஒரே விட்டம் என்றால் ப்ரோப் கொடுத்த கச்சா எண்களே வெட்டுப்பாதை. திருத்தமும் வேண்டாம், எஸ்டிஎல்லும் வேண்டாம். ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஜி1 சேர்த்தால் முடிந்தது. குண்டு நுழையாத பள்ளத்தில் கத்தியும் நுழையப் போவதில்லை. அதற்காக அழுவதில் பொருளில்லை.

என் உறுத்தலுக்கு விடை இங்கேதான் இருந்தது. இந்த இயந்திரம் அளவுகோலாக இருப்பதற்கு லாயக்கில்லை, நகலெடுக்க லாயக்கானது. எக்ஸ் அச்சின் படிக்கணக்கு ஒரு சதவீதம் தப்பாக இருக்கட்டும். தொடும்போதும் அதே தப்பு, வெட்டும்போதும் அதே தப்பு, ஒன்றையொன்று தின்றுவிடும். எக்ஸும் ஒய்யும் சரியாக 90 பாகையில் இல்லையா? அதுவும் அப்படியே கழிந்துவிடும். கைபேசி எடுத்த மாடலை இதே இயந்திரத்தில் வெட்டினால் கைபேசியின் பிழையோடு இயந்திரத்தின் பிழையும் முழுசாக வந்து சேரும்.

புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை இது. அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் துப்பாக்கிக் கட்டைகளைக் கடைய 1819இல் காப்புரிமை பெற்ற லேத்தில், மாதிரியைத் தடவும் சக்கரமும் மரத்தை வெட்டும் சக்கரமும் ஒரே அளவு. மாதிரியின் வடிவம் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை, சக்கரத்துக்குச் சக்கரம் சொல்லிக்கொண்டது. அதே ஆண்டு இறந்த ஜேம்ஸ் வாட் கடைசிக் காலத்தில் சிலைகளை நகலெடுக்கும் இயந்திரங்களோடுதான் மல்லுக்கட்டினார். அவை அவரது பட்டறையோடு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரோலண்ட் நிறுவனத்தின் எம்டிஎக்ஸ்-20 போன்ற மேசை இயந்திரங்கள் தொடுவதையும் வெட்டுவதையும் ஒரே உடம்பில் வைத்து விற்பனைக்கே வந்தன. நாம் இடையில் ஒரு கோப்பை நுழைத்திருக்கிறோம், அதனால் இன்று தொட்டதை அடுத்த வருடம் வெட்டலாம்.

நடைமுறையில் சில நிபந்தனை உண்டு. வெட்டும் ஓட்டமும் தொட்ட அதே திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் நட்டு ஆட்டம் கழியாது. முழுக் கட்டையில் 2 மி.மீ. கத்தியை எடுத்தவுடன் 8 மி.மீ. ஆழத்துக்கு விட்டால் உடைந்துவிடும். அதற்கு ஒரு குறுக்கு வழி. முதல் ஓட்டத்தில் மரத்தின் மேற்பரப்புக்கு 1 மி.மீ. கீழே எது போனாலும் அங்கேயே வெட்டி நிறுத்து, அடுத்ததில் 2, அடுத்ததில் 3 என்று அதே கோப்பையே எட்டு முறை ஓட்டலாம். அரை மி.மீ. வரிசை இடைவெளியில் 2 மி.மீ. கத்தி விடும் வரப்பு 0.03 மி.மீ. உயரம்தான், உப்புத்தாளில் போய்விடும். கழியாத பிழை ஒன்று உண்டு. ப்ரோப் தொடும் விசை அற்பம், கத்தி தள்ளும் விசை அப்படியல்ல, எம்டிஎஃப் உடம்பு அதற்கு வளையும். கடைசி ஓட்டத்துக்கு எல்லா இடத்திலும் 0.2 மி.மீ. மட்டும் மீதி வைத்து மெதுவாகப் போனால் வளைவு கட்டுக்குள் இருக்கும்.

பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டுமென்றால் மாதிரியைத் தடவி அளவு மாற்றி நகலெடுக்கும் கருவியான பாண்டோகிராப் வைத்திருந்த பழைய ஆட்களின் விதிதான். உருவம் இரட்டிப்பானால் குண்டும் இரட்டிப்பாகும், 2 மி.மீட்டரில் தொட்டதை 4 மி.மீ. கத்தியால் வெட்ட வேண்டும். வார்ப்புக்காக ஒரு சதவீதம் பெரிதாக்கும்போது 2.02 மி.மீ. கத்தி தேடி அலைய வேண்டாம், ஆரத்தில் 0.01 தான் வித்தியாசம்.

வார்க்கும் அச்சு வேண்டுமென்றால்தான் இந்தச் சுகம் போய்விடுகிறது. கொழுக்கட்டை அச்சு போலவோ சோப்பு அச்சு போலவோ அன்னத்தின் குழிவுருவம் வேண்டும் என்று வையுங்கள். மேடு பள்ளமாகும்போது கத்தி பரப்பின் அடுத்த பக்கத்தில் நிற்க வேண்டும். கச்சா எண்களின் குறியை மாற்றி வெட்டினால் குழி ஒவ்வொரு சுவரிலும் இரண்டு ஆரம் அளவுக்கு அகன்றுவிடும். அங்கே அந்த 13 அண்டைக் கணக்கைச் செய்து உண்மைப் பரப்பை எடுத்தே ஆக வேண்டும்.

அச்சில் உருவம் இடவலமாகவும் திரும்பும். கதவின் மறுபக்கத்துக்கு எதிர்ப்பார்வை பார்க்கும் அன்னம் வேண்டும் என்றாலும் அதே கதைதான். படிக்கணக்குப் பிழை அப்போதும் கழிகிறது, ஆனால் இயந்திரத்தின் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கிடையே உள்ள கோணப் பிழை கழிவதை விட்டுவிட்டு இரட்டிப்பாகிறது. 100 மி.மீட்டருக்கு 0.2 சாய்ந்திருந்தால் எதிர் அன்னம் 0.4 சாயும். எதிர் உருவம் வெட்டப் போகிறவர்கள் மேசையில் 200 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலையிலும் துளை போட்டு, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று வெர்னியரால் பார்த்து, மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலமான கேன்ட்ரியின் ஒரு பக்கத் திருகைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டுத் தொடத் தொடங்கட்டும்.